கருங்குங்கிலிய மரத்தின் அடியில் தீ மூட்டலாமா?

கேள்வி: நீலகிரி மாவட்டத்தில் தேவாலாப் பக்கம் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்தில் தாத்தா காலத்துக் கருங்குங்கிலிய மரம் ஒன்று நிற்கிறது. அடிமரத்தை வெட்டித் தீ மூட்டினால் குந்திரிக்கம் என்னும் நறுமணப் பிசின் நிறைய வடியும் என்கிறார்கள். செய்யலாமா? மரத்தடியில் கொட்டைகள் கிடந்தும் கன்று ஏன் வருவதில்லை?

பதில்: தயவுசெய்து தீ மூட்டாதீர்கள். பட்டையில் காயம் பட்டதும் பூச்சியும் பூஞ்சையும் உள்ளே புகாதபடி மரம் தானே பூசிக்கொள்ளும் மருந்துதான் அந்தப் பிசின். தீ மூட்டினால் பிசின் கூடுதலாக வடிவது உண்மைதான். ஆனால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மரத்தைப் பருக்கச் செய்யும் மெல்லிய உயிர்ப்படலம் அந்தச் சூட்டில் வெந்துவிடும், வெந்த இடத்தில் பட்டை உரிந்து, சில ஆண்டுகளில் அடிமரம் உளுத்துப் பொந்தாகும். நாற்பது மீட்டர் வரை வளரக்கூடிய மரம் பொந்தான அடியோடு தென்மேற்குப் பருவக்காற்றில் நின்றால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிசினும் எளிதில் தீப்பற்றும். மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும் காப்பி வேர்களும் கருகும். மேலும், 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எழுத்து அனுமதியின்றி மரத்தை வெட்டுவது மட்டுமன்றி எரிப்பதும் குற்றம்.

பட்டை வெடிப்புகளில் தானாகக் கசிந்து, கறுத்துப் பளபளப்பாக இறுகி நிற்கும் கட்டிகளை மட்டும் கையால் பெயர்த்தெடுங்கள். வீட்டில் புகை போட அது போதும்.

கன்று விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. உங்களுடையது காய்க்கிறது என்றால் அக்கம்பக்கத்தில் ஆண் மரமும் இருக்க வேண்டும், அதையும் தேடிக் காப்பாற்றுங்கள். இருவாச்சிப் பறவைகளும் பெரிய காட்டுப் புறாக்களும் பழத்தை விழுங்கிச் சதையைச் செரித்துக்கொண்டு, கொட்டையைத் தொலைவில் போடுகின்றன. தாய்மரத்தடியில் குவிந்து கிடப்பவற்றை எலியும் அணிலும் கொறித்துவிடும். தப்பியவற்றின் ஓடு மிகக் கடினமானது என்பதால் முளைப்பு மெதுவாகவே நடக்கும். அப்படி முளைத்தவையும் களைவெட்டில் போய்விடுகின்றன என்பதே என் எண்ணம்.

மூன்று விளிம்புகளோடு இரு முனையும் கூர்ந்திருக்கும் அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலான நாற்றங்காலில் ஊன்றி, ஈரம் காயாமல் சில மாதங்கள் பொறுத்திருங்கள். தோட்டத்தில் நட்டபின் ஒவ்வொரு கன்றின் அருகிலும் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, சிவந்த கொழுந்தோடு இருக்கும் அந்தக் கன்றைக் களை வெட்டுபவர்களிடம் நேரில் காட்டிவிடுங்கள்.