மார்க்ஸா, துர்கைமா? ஆய்வேட்டுச் சட்டகம் பற்றி ஒரு மாணவருக்குப் பதில்

முனைவர் பட்ட மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு சமூகத்தின் ஆண்டுச் சடங்கில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு குடும்பங்களுக்குள் தகராறு, அதைத்தான் ஆய்வு செய்கிறேன், நெறியாளர் கோட்பாட்டுச் சட்டகம் எங்கே என்கிறார், மார்க்ஸை எடுப்பதா, சமூகவியலாளர் துர்கைமை எடுப்பதா, இரண்டையும் சேர்க்கலாமா, ஒருவர் அந்த இயலை மட்டும் பணத்துக்கு எழுதித் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

வாங்காதீர்கள். இந்தத் தரகர்கள் உங்கள் களக்குறிப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரே இயலைத் தலைப்பு மாற்றிப் பலருக்கும் கொடுத்துவிடுவார்கள். வாய்மொழித் தேர்வில் "இந்தக் கருத்து உங்கள் தரவில் எந்த இடத்தில் வேலை செய்தது?" என்று கேட்டால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். திருட்டு எழுத்து என்று பிடிபட்டால் பட்டமே போய்விடும்.

சட்டகம் என்பது களத்தில் எதைக் கவனிப்பது, எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது என்று காட்டும் சில கருத்துகள், அவ்வளவுதான். உங்கள் தகராறையே எடுத்துக்கொள்வோம். மார்க்ஸ் வழியில் போனால் நிலம் யார் கையில், சடங்குக்கான உழைப்பு யாருடையது என்று கேட்பீர்கள். துர்கைம் வழியில் போனால் அந்தச் சடங்கு கூட்டத்தை எப்படி ஒன்றாகப் பிடித்துவைக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டுமே நல்ல கேள்விகள், ஆனால் உங்கள் சண்டை மரியாதையைப் பற்றியது. அதற்குச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைப் பாருங்கள். வர்க்கம் வேறு, அந்தஸ்து வேறு என்று பிரித்தவர் அவர், சொத்தை இழந்த குடும்பமும் கௌரவத்தை ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று கேட்க அவர்தான் உதவுவார். தகராறு வளர்ந்த வரிசையைச் சொல்ல மானிடவியலாளர் விக்டர் டர்னர் இருக்கிறார். இன்றைய சாம்பியாவில் வாழும் ந்டெம்பு (Ndembu) மக்களிடம் களப்பணி செய்து, 1957-இல் வெளியிட்ட நூலில், ஒரு தகராறின் போக்கை மீறல், நெருக்கடி, சீர்செய்யும் முயற்சி, கடைசியில் இணைவு அல்லது பிரிவு என்று நான்கு கட்டமாகப் பிரித்தார்.

"முன்னோர் காலத்து வழக்கம்" என்று இரு தரப்பும் சொல்லும்தானே, அங்கே ஒரு பொறி இருக்கிறது. பழமையானவை என்று சொல்லப்படும் பல மரபுகள் அண்மையில் உருவாக்கப்பட்டவை என்ற வாதத்தை வரலாற்றாசிரியர்கள் ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983-இல் முன்வைத்தார்கள். அதைப் படித்துவிட்டு "இந்தச் சடங்கு புதுசு" என்று நிரூபித்ததும் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். புதுசோ பழசோ, மக்கள் அதற்காக ஏன் மோதுகிறார்கள் என்ற உங்கள் கேள்வி அப்படியே கிடக்கும்.

சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் ஒன்று முதன்மையாக இருக்கட்டும், மற்றது அது விட்டுவிடும் ஒரு கேள்விக்கு மட்டும்.

சட்டகத்தை முதலிலேயே எடுத்துக்கொள்வதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைப் பலர் தப்பாகப் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல், கோட்பாட்டை முன்கூட்டியே எடுத்துப்போகாமல் தரவிலிருந்தே எழுப்பலாம் என்றார்கள். இதைக் கேட்டதும் "அப்படியானால் எனக்குச் சட்டகமே வேண்டாம்" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முறை சட்டகம் வைத்துச் செய்வதைவிடக் கடினம். ஒவ்வொரு பேட்டியையும் முடித்த கையோடு குறியிட வேண்டும் (அதாவது, அதில் வரும் விஷயங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்த வேண்டும்), முந்தியதோடு ஒப்பிட வேண்டும், அடுத்து யாரைப் பார்ப்பது என்பதை அந்த ஒப்பீட்டைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும், புதுசாக எதுவும் வராமல் நிற்கும் வரைக்கும் இதையே தொடர வேண்டும். பேட்டியெல்லாம் எடுத்து முடித்த பிறகு அந்த முறையின் பெயரை ஒட்ட முடியாது. பின்னாளில் அந்த இருவருமே எப்படிச் செய்வது என்பதில் பிரிந்து போனார்கள். ஆரம்ப நிலையில் இருக்கும் உங்களுக்கு நான் அந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

களத்துக்குப் போவதற்கு முன்பே சட்டக இயலை முடித்துக் கொடு என்று கேட்கிற இந்த நடைமுறைதான் மாணவர்களைத் தரகர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. எத்தனை வருஷமாகச் சொல்லியும் அது மாறவில்லை. அதுவரைக்கும் இப்படிச் செய்யுங்கள்: அரைப் பக்கத்தில் உங்கள் கேள்வி, அதற்கு உதவும் இரண்டு கருத்து, களத்தில் எதைக் கண்டால் உங்கள் ஊகம் தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள், இந்த மூன்றையும் எழுதி நெறியாளரிடம் கொண்டுபோங்கள். இயலை அப்புறம் அதிலிருந்து விரிக்கலாம்.