காருக்கு பாலிஷ், வேக்ஸ் போடும்போது கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் வெள்ளை படியாமல் காப்பது எப்படி?

முதலில் டேப் ஒட்டுங்கள், அப்புறம் பாலிஷ் டப்பாவைத் திறங்கள். முக்கால்வாசி வேலை அதோடு முடிந்தது.

நான் குளச்சல் பக்கம் இருக்கிறேன். உப்புக்காற்றுக்குப் பயந்து வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன் மழைக்கு முன்னும் அக்டோபர் மழைக்கு முன்னும், நானே வேக்ஸ் போடுவேன். முதல் தடவை டேப் ஒட்டவில்லை. மறுநாள் அக்கா கல்யாணம். காலையில் பார்த்தால் பம்பரின் அடிப்பாகமும் சக்கர வளைவும் திட்டுத்திட்டாய் வெளுத்திருந்தன. அந்தக் காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு. இன்றைக்கும் நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

பெயின்ட் அடிக்காத அந்த பிளாஸ்டிக் சொரசொரப்பாக இருக்கும். வேக்ஸ் அதன் நுண்ணிய குழிகளில் இறங்கிக் காய்ந்து வெள்ளையாகிறது. இதை எடுத்துவிடலாம். பாலிஷ் அப்படியல்ல. அதில் தேய்ப்புத் துகள் இருப்பதால் சொரசொரப்பையே வழித்துவிடும். பாலிஷ் போடும் மெஷினின் சுழலும் பேட் பட்டு மினுங்கிப்போன இடம் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு மெஷினைக் கொண்டுபோகாமல் கையால் தேயுங்கள்.

டேப் என்றால் பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப். செலோ டேப், பார்சல் ஒட்டும் பிரவுன் டேப் வேண்டாம், பசை அப்படியே தங்கிவிடும். காரைக் கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகு ஒட்டுங்கள். உப்பும் தூசியும் இருந்தால் டேப் பிடிக்காது. பிளாஸ்டிக் முழுவதும் மூடி, பெயின்ட் தொடங்கும் கோட்டோடு நிறுத்தி, விளிம்பை நகத்தால் அழுத்திவிடுங்கள். அகலமான இடத்துக்கு டேப்போடு செய்தித்தாள் சேர்த்தால் செலவு குறையும். வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக், கண்ணாடி ஓர ரப்பர் பீடிங், சைடு மிரரின் அடிப்பாகம், இந்த மூன்றையும்தான் எல்லோரும் மறப்பது.

வேலை நிழலில் நடக்கட்டும். நம்மூர் உச்சிவெயிலில் டேப்பின் பசை இளகி ஒட்டிக்கொள்ளும், வேக்ஸும் துடைப்பதற்குள் இறுகிவிடும். முடிந்த உடனே, டேப்பை மடக்கிப் பிடித்து மெதுவாக உரியுங்கள். மறுநாளைக்கு விடாதீர்கள்.

டேப் இல்லையென்றால் பிளாஸ்டிக்குக்கான டிரெஸ்ஸிங் திரவத்தை (கறுப்பு மங்காமல் தெரியப் பூசுவது) முதலில் மெல்லிசாகப் பூசிவிடலாம். வேக்ஸ் சிதறினாலும் குழிக்குள் இறங்காது. ஆனால் டிரெஸ்ஸிங் பூசிய இடத்தில் டேப் ஒட்டாது. இரண்டில் ஒன்றுதான். மெஷின் வேலை என்றால் நான் டேப்பைத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மென்மையான பழைய டூத்பிரஷால் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். கெட்டியாக இருந்தால் முடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் வேக்ஸ் இளகும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் கெட்டுவிடும். நெருப்பு காட்டிக் கறுப்பாக்கும் வித்தையும் வேண்டாம். சிறிது அதிகமானாலும் பம்பர் கோணிவிடும்.

டேப் உரித்த கோட்டோரம் மெல்லிய வேக்ஸ் வரி ஒன்று நிற்கும். அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கடைசியாகப் பிளாஸ்டிக்குக்கு டிரெஸ்ஸிங் போடுங்கள்.