பித்தளைக் குத்துவிளக்கு துலக்கிய ஒரு வாரத்திலேயே மங்குவது ஏன்?

நுவரெலியாவில் இருப்பதாகவும், கார்த்திகைக்குத் துலக்கிய விளக்கு அதற்குள் மங்கிவிட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பனிமூட்டம் ஒரு காரணம்: பித்தளையில் உள்ள செம்பு ஈரக்காற்றில் சீக்கிரம் கறுக்கும். ஆனால் பெரும்பாலும் கோளாறு துலக்கும் விதத்தில்தான்.

பழப்புளியோடு கொஞ்சம் உப்புச் சேர்த்துத் தேய்ப்பது நல்ல முறை. புளியின் அமிலம் கறையைக் கரைத்துவிடும். ஆனால் ஊறப்போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். நேரம் கூடினால் பித்தளையில் செம்போடு கலந்திருக்கும் துத்தநாகம் கரைந்து, விளக்கில் இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். அப்புறம் நிறையத் தண்ணீரில் அலசுங்கள். தண்டைக் கழற்றி, திருகும் மரைக்குள்ளும் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். அங்கே தங்கும் புளிதான் பிறகு பச்சைக் களிம்பாக வெளியே வருகிறது. துடைத்ததோடு விடாமல் அடுப்படிச் சூட்டில் முழுக்கக் காயவைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மெல்லிசாகப் பூசுங்கள்.

அமோனியா கலந்த கழுவு திரவம் மட்டும் வேண்டாம். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் கீறல் விட்டுப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். போத்தலில் அந்தப் பெயர் இருந்தால் ஜன்னல் கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.