மேற்பார்வையாளரின் ஏச்சுக்கு நடுவே பிஎச்.டி

கேள்வி: ஊர் மட்டக்களப்பு. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, கொழும்பில் உயிர் இரசாயனவியலில் பிஎச்.டி செய்கிறேன். இரண்டாம் வருடம். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் ஏசுகிறார். நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் வேலை சொல்கிறார். நான் செய்த ஆய்வில் வேறொருவரின் பெயரை முதலில் போடப்போகிறாராம். ஆய்வுகூட வாசலிலேயே நெஞ்சு படபடக்கிறது. விட்டுவிடட்டுமா?

பதில்: இந்த வாரம் அந்த முடிவை எடுக்காதீர்கள், தங்கச்சி. முதலில் வாய்ப்பேச்சை எல்லாம் எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்ததும் ஒரு மின்னஞ்சல்: "சேர், இன்று பேசியபடி இரண்டு மாதிரிகளை இந்த மாதம் முடிக்கிறேன். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." இதில் முறைப்பாடே இல்லை. ஆனால் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று பிறகு சொல்ல முடியாது. ஏச்சுக்குத் தனிக் குறிப்பு வையுங்கள்: திகதி, நேரம், பக்கத்தில் நின்றவர்கள், சொன்ன சொல் அப்படியே. "கேவலமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் விசாரணையில் நிற்காது. அந்தக் குறிப்பு ஆய்வுகூடக் கணினியில் இருக்கவே கூடாது.

பெயர் விஷயத்தைக் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே பேசுங்கள். பெயர் வரிசையைக் கட்டுரை எழுதியவர்கள் தங்களுக்குள் தீர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஆய்வு நடந்த நிறுவனம் விசாரிக்க வேண்டும் என்பதே மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதி. சஞ்சிகை பஞ்சாயத்துக்கு வராது. எந்தப் பரிசோதனையை யார் செய்தார் என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், இணை மேற்பார்வையாளரையோ பட்டப்பின் படிப்பு இணைப்பாளரையோ நேரில் பாருங்கள். பாலியல் தொல்லை ஏதும் இருந்தால் இந்தப் படிகள் வேண்டாம், உடனே முறையிடுங்கள். அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம்.

படபடப்பை உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள். 26 நாடுகளில் 2,279 பட்டப்பின் மாணவர்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில் 41 சதவீதமானோருக்கு மிதமான அல்லது கடுமையான பதற்றம் இருந்தது. தூக்கம் கெட்டால் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லையா? சரி, மேற்பார்வையாளரை மாற்ற எழுத்தில் கேளுங்கள். இங்கே பலர் எம்.பிலுக்குப் பதிந்துதான் பிஎச்.டிக்கு மாறுகிறார்கள். உங்கள் பதிவும் அப்படியென்றால் எம்.பிலோடு முடிக்க வழியுண்டா என்று விசாரியுங்கள். புலமைப்பரிசில் இருந்தால், இடையில் நின்றால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று ஒப்பந்தத்தை வாசித்த பிறகே விலகல் கடிதத்தைக் கொடுங்கள்.