பால் பைத்தான் வாயில் நுரை: அமாக்ஸிசிலின் கொடுக்கலாமா?

உங்கள் பால் பைத்தான் (ball python என்ற வளர்ப்பு மலைப்பாம்பு) வாயில் நுரை தள்ளுகிறது, கூண்டு 24 டிகிரியில் இருக்கிறது, அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். தோலுரிக்கும்போது மூக்கில் லேசாக விசில் சத்தம் வருவது சகஜம், உரித்ததும் நின்றுவிடும். ஆனால் வாயோரம் நுரை, தலையைத் தூக்கி வாய் திறந்து மூச்சு என்கிறீர்களே, அது நுரையீரல் தொற்றின் அறிகுறி.

கூண்டு 24 டிகிரி என்பது ரொம்பக் குறைவு. உடல் குளிர்ந்தால் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். இரவும் பகலும் சூடான பக்கம் 32, மறுபக்கம் 27 டிகிரி வையுங்கள். நனைந்த படுக்கையை மாற்றுங்கள். இப்போதைக்கு இரை வேண்டாம், தண்ணீர் போதும்.

ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இன்றே கொண்டுபோய், சளி மாதிரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பைத்தான்களுக்கு நிடோவைரஸ் வந்தாலும் இதே அறிகுறிகள்தான். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் பலிக்காது. பாக்டீரியா என்றால் பெரும்பாலும் செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, உடலின் முன்பகுதியில் போடுவார்கள். நுரை நின்றாலும் பாதியில் விடாதீர்கள். வேறு பாம்பு இருந்தால் தனி அறை, தனி இடுக்கி.