டிவைஸ் நகர்ந்துவிட்டதா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இதய மேலறைச் சுவரில் இருந்த ஓட்டையைத் தொடை வழியாக டிவைஸ் வைத்து அடைத்தார்கள். மறுநாள் எக்ஸ்-ரேயில் அது முட்டை வடிவில் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து எடுத்ததில் ஒல்லியாக, சற்றுக் கீழே தெரிகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டு படங்களும் ஒரே விதமாக எடுக்கப்பட்டவையா என்று முதலில் பாருங்கள். வார்டில் எடுப்பது பெரும்பாலும் படுக்கையிலேயே, முன்பக்கமிருந்து. பிறகு எடுப்பது நின்றபடி, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்து. அப்போது உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசை) இறங்கும். இதயம் அதோடு இறங்கும், டிவைஸும்தான். உடல் சற்றுத் திரும்பியிருந்தாலே வடிவமும் மாறிவிடும். இரு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இல்லையென்றால் குழந்தை திரும்பி நின்றிருக்கிறாள் என்று அர்த்தம்.

இந்த டிவைஸ் நிக்கல்-டைட்டானியம் கம்பியில் பின்னிய இரண்டு வட்டத் தட்டுகள். நடுவே குட்டையான இடுப்பு. ஓட்டைக்குள் உட்காருவது இடுப்பு, சுவரின் இருபுறமும் பிடிப்பவை தட்டுகள். உள்ளே தைத்த பாலியஸ்டர் துணி எக்ஸ்-ரேயில் தெரியாது. கம்பி மெல்லியது என்பதால், மங்கலான படத்தில் முதுகெலும்பின் நிழலில் டிவைஸே மறைந்துபோகும். அதற்காகத்தான் பக்கவாட்டுப் படமும் கேட்பது.

உண்மையில் கழன்றால் சில மில்லிமீட்டர் நகர்ந்து நிற்பது அரிது. வலப்பக்கம் விழுந்தால் கீழறை வழியாக நுரையீரல் தமனிக்கும், இடப்பக்கம் விழுந்தால் மகாதமனிக்கும் ரத்தம் அதை அடித்துச் செல்லும். படத்தில் இடமே வேறாக இருக்கும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நடப்பது இது. ஓட்டைக்குச் சிறிய அளவு டிவைஸ் வைத்ததோ, பிடித்துக்கொள்ள விளிம்புத் திசு போதாததோ காரணமாக இருக்கும்.

ஆனால் எக்ஸ்-ரேயை மட்டும் நம்ப வேண்டாம். மிச்சக் கசிவு, தட்டில் படிந்த ரத்தக்கட்டி, தட்டு சுவரை அரிப்பது எதுவும் அதில் தெரியாது. அதற்கு எக்கோதான் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்). நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால், டிவைஸ் வைத்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அன்றே எக்கோ எடுக்க வேண்டும்.

கேள்வி: டிவைஸ் உள்ளவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: பெரும்பாலான நிக்கல்-டைட்டானியம் டிவைஸ்களுக்கு 3 டெஸ்லா (ஸ்கேன் காந்தத்தின் வலிமையைக் குறிக்கும் அளவு) வரை அனுமதி உண்டு. டிவைஸ் வைத்தபோது தந்த அட்டையை ஸ்கேன் மையத்தில் முன்கூட்டியே காட்டுங்கள். மாடலும் நிபந்தனைகளும் அதை வைத்துத்தான் சரிபார்க்கப்படும். டிவைஸைச் சுற்றி மட்டும் படம் கறுத்துத் தெரியும்.