சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு, அறிவியலில் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். தமிழில்தான் வழுக்குகிறாள், அதுவும் துணைப்பாடக் கதைகளில். அரையாண்டுத் தேர்வில் 'ஒருவன் இருக்கிறான்' கதையில் மனிதநேயத்தைக் காட்டும் கதைமாந்தர் பற்றிய கேள்விக்கு எட்டுக்கு மூன்று மதிப்பெண். 'குப்புசாமி சென்னைக்கு வந்து தங்கியது அங்கே இருந்தவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது, வீரப்பன் பணம் அனுப்பினார், ஆகவே உதவி செய்வது நல்லது' என்று எழுதி வைத்திருக்கிறாள். கதை புரியவே இல்லை என்கிறார் ஆசிரியை. இத்தனைக்கும் வீட்டில் அவளுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. டிவி இணைப்பை எடுத்துவிட்டோம், கல்யாணம் காட்சிக்கு அழைத்துப் போவதில்லை. நடுவில் பதினொரு நாள் மட்டும் என் கணவரின் சித்தப்பா கமுதியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வந்து எங்களோடு தங்கியது கொஞ்சம் தொந்தரவாகிவிட்டது. அப்போதுகூட அவளை மாடி அறையிலேயே வைத்து, சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிறகு அவருக்கு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே லாட்ஜ் பார்த்துக் கொடுத்துவிட்டோம். கதைமாந்தர், மையக்கருத்து கேள்விகளுக்கு எந்த உரைநூல் நல்லது? தமிழுக்குத் தனியாக டியூஷன் வைக்கலாமா?
ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படித்தது ஒரே ஒரு விஷயத்தைத் தேடித்தான். சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று?

மகளுக்கு எட்டுக்கு எத்தனை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் எழுதிய விடையை வரி பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். கமுதியிலிருந்து வைத்தியத்துக்கு வந்த மனிதருக்கு என்ன நோய், டாக்டர் என்ன சொன்னார், லாட்ஜில் யார் துணைக்கு இருந்தார்கள், குணமாகி ஊருக்குத் திரும்பினாரா, ஒன்றையும் காணோம். பதினொரு நாள் என்ற கணக்கு மட்டும் துல்லியமாக இருக்கிறது.

அந்தக் கதையை நீங்கள் படித்தீர்களா? மகளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதைக் கேட்கவில்லை, உட்கார்ந்து படித்தீர்களா என்று கேட்கிறேன். படித்திருந்தால் இந்தக் கடிதத்தை எனக்குத் தபாலில் போட உங்களுக்குக் கை வந்திருக்காது. கு. அழகிரிசாமியின் கதை அது. காஞ்சிபுரத்திலிருந்து உடம்புக்கு முடியாமல் ஒருவன் சென்னையில் உறவுக்காரர் தங்கவேலு வீட்டுக்கு வந்து சேருகிறான், குப்புசாமி என்று பெயர். அவனைப் பார்த்தாலே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, எங்கிருந்து வந்தான் இவன் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் நமக்குக் கதையைச் சொல்கிறவர். அவர் மனைவிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே அவன் மேல் இரக்கம். அப்புறம் ஊரிலிருந்து ஒரு ஆள் வருகிறார், குப்புசாமியின் நண்பன் வீரப்பன் கொடுத்தனுப்பிய கடிதத்தோடும் மூன்று ரூபாயோடும். அந்த மூன்று ரூபாயும் கடன் வாங்கியது. நானே வரலாம், வந்தால் இது பஸ்ஸுக்கே போய்விடும், அதனால் உனக்கு அனுப்புகிறேன் என்ற அர்த்தத்தில் எழுதியிருக்கிறான் வீரப்பன். கொண்டுவந்த ஆளோ தன் பிள்ளைகளுக்கு வாங்கிய சாத்துக்குடியில் இரண்டை எடுத்து இதையும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் கதை சொல்கிறவருக்கு உறைக்கிறது, யாருமில்லாதவன் என்று நாம் அலட்சியமாக நினைத்த இவனுக்கும் ஒருவன் இருக்கிறான் என்று.

இப்போது உங்கள் மகள் எழுதியதை மறுபடி பாருங்கள். 'வந்து தங்கியது தொந்தரவாக இருந்தது.' அந்த வார்த்தையை அவள் எங்கே எடுத்தாள்? உங்கள் கடிதத்தில் அது இரண்டு முறை வருகிறது. கடிதத்திலேயே இரண்டு முறை என்றால் அந்தப் பதினொரு நாளில் வீட்டுக்குள் எத்தனை முறை வந்திருக்கும், மாடிப்படி வழியாக மேலே எத்தனை முறை போயிருக்கும்! கதை புரியவே இல்லை என்கிறார் ஆசிரியை, நான் அப்படி நினைக்கவில்லை. நோயாளியான உறவுக்காரர் ஒருவர் ஒரு வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று பதினைந்து வயதில் அவளுக்குத் தெரிந்த ஒரே உதாரணம் உங்கள் வீடு, அதைத்தான் அந்தப் பிள்ளை நேர்மையாக விடைத்தாளில் எழுதியிருக்கிறாள். மூன்று மதிப்பெண் அவளுக்கு வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கோபம் வரட்டும், பரவாயில்லை. இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. 'பத்தாவது, அதனால் தாத்தா சாவுக்கு அழைத்துப் போகவில்லை', 'பன்னிரண்டாவது, அதனால் அக்கா வளைகாப்புக்குப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்' என்று பெருமையாக எழுதுவார்கள், அடுத்த வரியிலேயே பிள்ளைக்குக் கதை வரவில்லை, கட்டுரை வரவில்லை என்பார்கள். ஒரு மனிதர் வலியோடு எப்படி உட்காருவார், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எப்படித் தண்ணீர் கேட்பார், சோறு போடும்போது போதும் போதும் என்று ஏன் முதலிலேயே கையை மறைப்பார், இதையெல்லாம் கண்ணால் பார்க்காத பிள்ளைக்குக் கதைமாந்தர் என்றால் என்ன தெரியும்? காஞ்சிபுரத்துக் குப்புசாமியை அவள் புத்தகத்தில் பார்த்தாள். கமுதிக்காரர் கீழே ஹாலில் படுத்திருந்தார், அவள் மாடியில் அதே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள், நடுவில் பதினைந்து படிக்கட்டு இருக்குமா? அந்தப் படிக்கட்டில் நீங்கள் தட்டோடு ஏறி இறங்கியிருக்கிறீர்கள், அவளை ஒரு தடவை இறங்க விட்டிருந்தால் இன்று எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது.

நான் வளர்ந்ததும் ஆஸ்பத்திரி உள்ள ஊரில்தான். மாதத்தில் பாதி நாள் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் யாராவது ஒரு உறவுக்காரர், ஒரு மஞ்சள் பை, ஒரு மருந்துச் சீட்டு. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வரிசையில் நிற்க என்னைத்தான் கூட அனுப்புவார் அம்மா, பரீட்சை நேரமாக இருந்தாலும் சரி, போகும்போது புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போ என்பார். அதில் எனக்குச் சில மார்க் குறைந்திருக்கலாம். ஒரு பெரியம்மா, டாக்டர் நாளைக்கு வரச் சொன்னார் என்று தெரிந்ததும், அன்றைக்கு ராத்திரியும் எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதற்காக, கேட்காமலே உட்கார்ந்து வீட்டு வெங்காயம் முழுவதையும் உரித்து வைத்தார். இரவல் இடத்தில் இருக்கிறோமே என்ற கூச்சம் ஒரு மனுஷியை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று நான் பார்த்தது அப்போதுதான். பின்னாளில் கதைகளில் அப்படி ஒரு பெண் வந்தால் எனக்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லாட்ஜ் வாடகையை நீங்கள்தான் கொடுத்தீர்கள் போலிருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், பணம் பணம்தான். ஆனால் அந்தக் கதையை எழுதியவர் எதை எடை போட்டிருக்கிறார் என்று பாருங்கள். வீரப்பன் அனுப்பியது கடன் வாங்கிய மூன்று ரூபாய், அதைக் கொண்டுவந்தவர் கொடுத்தது பிள்ளைகளுடைய பங்கிலிருந்து எடுத்த பழம். இரண்டு பேருமே இல்லாத இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள். மனிதநேயத்தைக் காட்டும் கதைமாந்தர் யார் என்ற கேள்விக்கு எல்லோரும் இவர்களைத்தான் எழுதுவார்கள், அது சரியான விடை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் கெட்டவர் இல்லை, மாதச் சம்பளம், குடும்பம் என்று நம்மைப் போல இருக்கிறவர், வாசலில் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பது பிடிக்காதவர், அவ்வளவுதான். தான் எப்படி நடந்துகொண்டோம் என்பதை அவரே தன் வாயால் சொல்கிறார். அதுதான் கதையின் பலம். தன் சின்னத்தனத்தை மறைக்காமல் சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அம்மா, நீங்களும் உங்கள் கணவரும் இந்தக் கதையில் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள். அவருக்கு ஒரு கடிதம் வந்து கண் திறந்தது.

அழகிரிசாமி இந்த ஆளை மட்டும் இப்படிப் பார்த்தார் என்று நினைக்காதீர்கள். கோவில்பட்டியைத் தாண்டினால் வருகிற இடைசெவல்காரர் அவர், 1923-இல் பிறந்து நாற்பத்தேழு வயது கூட நிறையாமல் 1970-இல் போய்விட்டார், அந்த வருஷமே 'அன்பளிப்பு' தொகுப்புக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்தத் தலைப்புக் கதையில் ஒரு சிறுவன் வருவான், சாரங்கன். மற்ற பிள்ளைகளுக்குப் பரிசாக டைரி கிடைத்தபோது அவனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவனே ஒரு டைரியைக் கொண்டுவந்து, பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு என்று இதில் எழுதித் தாருங்கள் என்று நீட்டுவான். படித்த எவருக்கும் தொண்டை அடைக்கும். கூட்டத்தில் ஓரமாக ஒதுக்கப்பட்டு நிற்கிற ஆள் மேல்தான் அவருடைய கண் எப்போதும் இருந்தது. உங்கள் மகளுக்கு இந்தக் கதையையும் கொடுங்கள், பாடத்தில் இல்லாவிட்டாலும் கொடுங்கள்.

அவள் பாடப்புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது, நடந்து களைத்துப் பசியில் ஒடுங்கிக் கிடந்த முன்பின் தெரியாத ஒருவனுக்கு அன்னமய்யா பசியாற்றுகிற இடம். அந்தப் பெயருக்கும் அவர் செய்கைக்கும் உள்ள பொருத்தத்தை எழுதச் சொல்லிக் கேள்வி. சா. கந்தசாமியின் 'பாய்ச்சல்' இருக்கிறது, அனுமார் வேஷம் போட்டு ஆடுகிற பெரியவர் பின்னாலேயே ஒரு பையன் போய்ப் போய், கடைசியில் அவரையே மிஞ்சி ஆடிவிடுவான். மேல் வகுப்புக்குப் போனால் பூமணியின் 'உரிமைத்தாகம்' வரும், அண்ணன் தம்பி கதை. இதில் எந்தக் கதையை வேண்டுமானாலும் எடுங்கள், சோறு, வழிப்போக்கன், வயதானவர், கூடப் பிறந்தவர், இதைச் சுற்றித்தான் இருக்கிறது. புத்தகம் போட்டவர்கள் உறவையும் விருந்தையும் பாடமாக வைத்துவிட்டார்கள், நாம் அந்தப் பாடத்தில் மார்க் வாங்குவதற்காக உறவையும் விருந்தையும் வீட்டுக்கு வெளியே வைக்கிறோம். எனக்கு இதில் சமாதானமே கிடையாது. பெற்றவர்களுடைய கடமை பிள்ளையைப் படிக்க வைப்பது என்றால், வீட்டுக்கு வந்த நோயாளிக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கச் சொல்லித் தருவதும் அதே கடமையில் சேர்ந்தது. அதைப் பரீட்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது, பத்து முடிந்தால் பதினொன்று வரும், நீட் வரும், அதற்குள் சித்தப்பாக்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

உங்கள் கணவருக்கும் சொல்லுங்கள், அவர் அப்பாவோடு கூடப் பிறந்தவர் அந்த மனிதர். சின்ன வயதில் உங்கள் கணவரைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவராகக் கூட இருக்கலாம், எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். கடிதம் முழுக்க உங்கள் கணவர் பெயருக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. லாட்ஜ் பார்த்தது யார் யோசனை என்று கேட்க மாட்டேன், இரண்டு பேரும் சேர்ந்தே செய்தீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உரைநூல் எது வேண்டுமானாலும் வாங்குங்கள், முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று எட்டு மார்க் விடையை எப்படி அடுக்குவது என்று அதில் இருக்கும், அது தேவைதான். டியூஷன் வேண்டாம். அதற்குப் பதில் இரவில் ஒரு அரைமணி நேரம் அந்தக் கதையை நீங்கள் சத்தமாகப் படியுங்கள், அவள் கேட்கட்டும். படித்து முடித்ததும் 'இதன் மையக்கருத்து என்ன' என்று கேட்காதீர்கள். குப்புசாமி வந்த முதல் நாள் ராத்திரி எங்கே படுத்திருப்பான், அந்த மூன்று ரூபாயை யாரிடம் கடன் கேட்டிருப்பான் வீரப்பன், கேட்கும்போது என்ன சொல்லிக் கேட்டிருப்பான் என்று கேளுங்கள். கதையில் இல்லாததை அவள் யோசிக்கட்டும், அப்போதுதான் கதையில் இருப்பதை ஒழுங்காகப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் எந்த வரியில் மாறினார் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேற்கோள் எழுது, மேற்கோள் எழுது என்று ஆசிரியை சொல்வது இதைத்தான்.

ஆனால் அதெல்லாம் அடுத்த வாரத்திலிருந்து. இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கமுதிக்கு பஸ் ஏறுங்கள். சனிக்கிழமையே போன் போட்டு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள், போனை நீங்கள் பேசுங்கள், கணவரிடம் தள்ளிவிடாதீர்கள். அவர் குணமாகியிருந்தாலும் போங்கள், குணமாகாவிட்டால் அவசியம் போங்கள், அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று தேதியைக் கேட்டு மகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழம் வாங்கினால் அதை அவள் கையில் கொடுங்கள், அவள் கொண்டுபோய்த் தாத்தாவிடம் தரட்டும். அந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். மதுரைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.